'கோய்புமி' (1953): அதிகம் பேசப்படாத ஒரு ஜப்பானியக் காதல் படத்தைப் பார்ப்பது எப்படி?

பழைய ஜப்பானியப் படம் என்றதும் பெரும்பாலானவர்கள் இயக்குநர் குரோசாவாவில் தொடங்கி இயக்குநர் ஓசுவில் நின்றுவிடுகிறார்கள். சாமுராய் படம் வேண்டாம், குடும்பப் படமும் பார்த்தாயிற்று, ஒரு காதல் கதை சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'கோய்புமி'. காதல் கடிதம் என்று பொருள். 1953இல் ஷின்தோஹோ நிறுவனம் தயாரித்த கருப்பு வெள்ளைப் படம், 98 நிமிடம். கினுயோ தனகா என்ற பெரும் நடிகை இயக்கிய முதல் படம். ஃபுமியோ நிவா எழுதிய நாவலுக்குத் திரைக்கதை அமைத்தவர் கெய்சுகே கினோஷிதா. அவரும் தன்னளவில் பெரிய இயக்குநர். அடுத்த ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அந்த ஆண்டு பெரும் பரிசை வாங்கியது ஜப்பானின் இன்னொரு படம், வண்ணத்தில் எடுத்த 'ஜிகோகுமோன்'. 'கோய்புமி' மெல்ல மறக்கப்பட்டது.

முன் தயாரிப்பு ஏதும் இல்லாமல் இதைப் பார்த்தவர்கள் பலர் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். "கதாநாயகன் ஏன் இப்படி அழுமூஞ்சியாக இருக்கிறான், அந்தப் பெண் அப்படி என்னதான் தப்புச் செய்துவிட்டாள்?" என்று எரிச்சலோடு கேட்கிறார்கள். கேள்வி சரியானதுதான், படமே அதைத்தான் கேட்கிறது. ஆனால் படம் கேட்கிறது என்பது முதல் முறையிலேயே நமக்குப் பிடிபட வேண்டுமானால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

முதல் வேலை: கதை நடக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை நடப்பது டோக்கியோவின் ஷிபுயாவில். இன்று உலகமே படம்பிடிக்கும் அந்த நாற்சந்தியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 1945 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்த பகுதி அது. போர் முடிந்ததும் ரயில் நிலையத்தைச் சுற்றிக் கள்ளச் சந்தைகளும் தகரக் கூரைக் கடைகளும் முளைத்தன. வெளிநாடுகளில் சிக்கியிருந்த படைவீரர்களும் குடிமக்களுமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். வேலை கிடையாது, வீடு கிடையாது. படத்தின் நாயகன் ரெய்கிச்சி அப்படித் திரும்பியவன், முன்னாள் கடற்படைக்காரன். தம்பி ஹிரோஷியின் சிறு அறையில் ஒண்டிக்கொண்டு, கிடைத்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்துகொண்டிருக்கிறான்.

இரண்டாவது, அமெரிக்கப் படை. 1945 முதல் 1952 ஏப்ரல் வரை ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. பல்லாயிரக்கணக்கான ஜப்பானியப் பெண்கள் அமெரிக்க வீரர்களோடு பழகினார்கள். சிலர் காதலித்தார்கள், சிலர் பிழைப்புக்காகப் போனார்கள், பலருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத நிலைமை. வீரன் மாற்றலாகி ஊருக்கோ கொரியப் போர்முனைக்கோ போய்விடுவான். அவன் விரும்பினாலும் அவளை அமெரிக்காவுக்கு அழைத்துப்போவது எளிதாக இருக்கவில்லை. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஜப்பானியர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. இடையில் சில குறுகிய காலச் சலுகைகள் வந்தாலும், அந்தத் தடை நீங்கியது 1952இல்தான். ஆக, அவளுக்கு மிஞ்சியது கடிதம். ஆங்கிலம் தெரியாதே?

அங்கேதான் ஒரு தொழில் பிறந்தது. நம் ஊர் அஞ்சலக வாசலில் மனுவும் மணியார்டரும் எழுதிக் கொடுத்தவர்களைப் போல, ஷிபுயாவின் ஒரு சந்துக்குள் இந்தப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கும் கடை இருந்தது. நிவாவின் நாவல் அதை வைத்து எழுதப்பட்டது. கதை பிரபலமான பிறகு அந்தச் சந்துக்கே 'கோய்புமி யோகோச்சோ', அதாவது காதல் கடிதச் சந்து, என்ற பெயர் நிலைத்தது. சந்து இப்போது இல்லை. 109 என்ற வணிக வளாகம் நிற்கும் பக்கம் அது இருந்தது.

மூன்றாவது, தணிக்கை. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியத் திரைப்படங்களில் அமெரிக்கப் படையின் இருப்பையே காட்டக் கூடாது என்று கெடுபிடி இருந்தது. தெருவெல்லாம் ஜீப்பும் சீருடையும், திரையில் மட்டும் அவை கிடையாது. 1952க்குப் பிறகுதான் வாயைத் திறக்க முடிந்தது. 'கோய்புமி' வந்தது அதற்கு அடுத்த ஆண்டே. அன்றைய பார்வையாளர்களுக்கு இந்தப் படம் நேற்று வரை வெளியே சொல்ல முடியாதிருந்த செய்தி. இந்த அவசரத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தின் பல இடங்கள் திறக்கும்.

இரண்டாவது வேலை: இயக்குநர் யாரென்று பாருங்கள்

கினுயோ தனகா 1909இல் பிறந்தவர். ஜப்பானின் முதல் முழுநீளப் பேசும் படத்தில், 1931இல், நடித்தவர். இயக்குநர் மிசோகுச்சியின் 'சாய்காகு இச்சிதாய் ஒன்னா' (1952), 'உகெட்சு' (1953) இரண்டிலும் அவரைப் பார்த்திருப்பீர்கள். நடிகையாக உச்சத்தில் இருந்தபோதே இயக்கத்துக்கு வந்தார். அதற்காக இயக்குநர் மிகியோ நருசேயிடம் 'அனி இமோதோ' படத்தில் உதவியாளராக இருந்து தொழில் கற்றுக்கொண்டார். அவருக்கு முன் ஜப்பானில் முழுநீளக் கதைப்படம் இயக்கிய பெண் ஒருவர்தான், 1936இல் தசுகோ சகானே. தனகா அடுத்த படத்துக்குத் தயாரானபோது இயக்குநர் சங்கத் தலைவராக இருந்தவர் மிசோகுச்சி. தன் படங்களின் உயிராக இருந்த நடிகை இயக்குநராவதை அவர் ஏற்கவில்லை. ஓசு தனகாவின் பக்கம் நின்றார்.

'கோய்புமி'யைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தி ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். 1949 இறுதியில் தனகா நல்லெண்ணத் தூதராக அமெரிக்கா போனார். சில மாதங்கள் கழித்துத் திரும்பியபோது மேற்கத்திய உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கி, கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கையால் முத்தம் பறக்கவிட்டார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அமெரிக்கக்காரியாகிவிட்டாள், வயதுக்கேற்ற நடத்தை இல்லை என்று மாதக்கணக்கில் வசை. நாட்டின் செல்ல மகளாக இருந்தவரை ஒரே நாளில் தூக்கி எறிந்தார்கள். அமெரிக்கனோடு பழகியதற்காக ஒரு பெண்ணை ஊரே எடைபோடும் கதையை அவர் முதல் படமாகத் தேர்ந்தெடுத்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றாவது வேலை: நல்ல பிரதி, சரியான திரை

தனகா இயக்கியவை மொத்தம் ஆறு படங்கள். அவை மீட்டெடுக்கப்பட்டு 2021இல் பிரான்சின் லியோன் நகரில் நடக்கும் லூமியேர் திரைப்பட விழாவில் ஒன்றாகத் திரையிடப்பட்டன. அதற்குப் பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே பலருக்கு இவர் இயக்குநர் என்பதே தெரிந்தது. பழைய, மங்கலான பிரதிகளும் சுற்றுகின்றன, அவற்றைத் தொடாதீர்கள். பாதிக் கதை முகங்களில் நடக்கும் படம் இது, முகம் தெரியாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

படம் பழைய சதுர வடிவத் திரைக்கு எடுக்கப்பட்டது. தொலைக்காட்சியில் பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். 'திரையை நிரப்பு' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் குட்டையாகவும் தடியாகவும் தெரிவார்கள், அல்லது தலை வெட்டுப்படும். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். துணைத்தலைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். வசனம் அடர்த்தியாக வரும் இடங்களில் நிறுத்திப் படித்துக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் கைப்பேசியில் பார்க்க வேண்டாம்.

பெயர்களில் குழப்பம் வராமலிருக்க இந்த நான்கு பேரை மட்டும் முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ரெய்கிச்சி, நாயகன், மசாயுகி மோரி நடித்திருக்கிறார், 'ரஷோமோன்' படத்தில் கொலையுண்ட சாமுராயாக வந்தவர். மிச்சிகோ, அவன் சிறுவயதிலிருந்து நேசித்தவள், யோஷிகோ குகா. யமாஜி, கடிதக் கடை நடத்தும் பழைய நண்பன், ஜூகிச்சி உனோ. ஹிரோஷி, தம்பி, ஜூசோ டோசான். மற்றவர்கள் தாமாகவே பிடிபடுவார்கள்.

நான்காவது வேலை: முதல் முறை பார்க்கும்போது

கதையின் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், முடிவைத் தொட மாட்டேன். மிச்சிகோ போர்க்காலத்தில் வேறொருவனுக்கு மணமுடித்து வைக்கப்பட்டாள், கணவன் போரில் இறந்தான். அவள் முன்பு எழுதிய கடிதத்தை ரெய்கிச்சி இத்தனை வருடமும் கூடவே வைத்திருக்கிறான். ரயில் நிலையக் கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடுவதே அவனுக்கு வாழ்க்கை. யமாஜி எதிர்ப்பட்டு, தன் கடையில் வேலை கொடுக்கிறான். ஒருநாள் உள்ளே இருக்கும்போது வெளியே ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. ஊருக்குப் போய்விட்ட அமெரிக்கனுக்குக் கடிதம் எழுத வந்திருக்கிறாள். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அது மிச்சிகோவின் குரல்.

இதுவரை வரும் பகுதியில் அவசரப்படாதீர்கள். படம் மெதுவாக நகர்வதுபோல் தோன்றும், ஆனால் கடிதக் கடைக் காட்சிகளில் தனகா நிறைய வேலை செய்திருக்கிறார். ஒவ்வொரு பெண்ணும் வந்து உட்கார்ந்து சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். ஒருத்தி பணம் வேண்டுமென்று நேராகச் சொல்கிறாள், இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கடிதம் எழுதுபவன் அவர்கள் சொல்லாத இனிப்பையும் ஏக்கத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஓட்டுகிறான். அவனுக்கு அது தொழில். இந்தக் கடைக்கு வரும் பெண்களில் ஒருத்தியாகத் தனகாவே சிறு வேடத்தில் வந்து போகிறார். அன்றைய ஜப்பானில் யாரும் முகம் கொடுத்துப் பேச விரும்பாத பெண்களின் வரிசையில் தன்னையும் நிறுத்திக்கொள்கிறார்.

ரெய்கிச்சியின் நிலையையும் அப்போது கவனியுங்கள். முன்பின் தெரியாத பெண்கள் அமெரிக்கர்களுக்கு அனுப்பும் காதல் மொழியை அவன்தான் எழுதிக் கொடுக்கிறான், அதில் வரும் காசில்தான் சாப்பிடுகிறான். அதுவரை அவனுக்கு அந்தப் பெண்கள் மீது வருத்தம் இருக்கலாம், பெரிய கோபம் இல்லை. தான் நேசித்தவளே அந்த வரிசையில் வந்து நின்றதும் எல்லாம் தலைகீழாகிறது. படத்தின் அச்சு இதுதான். முதல் முறை பார்க்கும்போது இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

ஐந்தாவது வேலை: சந்திப்புக் காட்சியை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்

குரல் கேட்டதும் ரெய்கிச்சி ஷிபுயா தெருவில் ஓடுகிறான், நிலையத்துக்குள் நுழைகிறான், அவளைப் பிடித்துவிடுகிறான். வருடக்கணக்கில் தேடியவளைக் கண்டுபிடித்த ஒருவன் என்ன செய்வான் என்று நாம் எதிர்பார்ப்போமோ அது நடக்காது. மரங்கள் சூழ்ந்த இடத்தில் இருவரும் நடக்கிறார்கள். அவன் விசாரிக்கத் தொடங்குகிறான். போயும் போயும் ஓர் அமெரிக்கனோடா? உன் கணவனும் என் தோழர்களும் யாரோடு போரிட்டுச் செத்தார்கள்? அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இந்தக் காட்சியில் இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, யார் பேசுகிறார்கள், கேமரா யாரோடு இருக்கிறது என்பது. பேச்சு முழுக்க அவனுடையது. ஆனால் பார்வையாளர் மனதில் நிற்பது குகாவின் முகம். அவர் அழுவதை விட, அழுகையை அடக்கிக்கொண்டு அவன் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் கணங்கள்தான் கனம். குகா பிரபுக்கள் குடும்பத்தில் பிறந்தவர். போருக்குப் பின் வந்த அரசியலமைப்பு அந்தப் பட்டங்களையெல்லாம் ஒழித்தது. நிற்பதிலும் தலைகுனிவதிலும் அவரிடம் ஒரு மரியாதை இருக்கிறது. மிச்சிகோ எவ்வளவு கீழே தள்ளப்பட்டாலும் அந்த மரியாதை கலையவில்லை. இந்த வேடத்துக்கு வேறு யாரையும் என்னால் நினைத்துப்பார்க்க முடியாது.

இன்னொன்று, மோரியின் நடிப்பு. அவர் ரெய்கிச்சியைக் கொடியவனாகக் காட்டவில்லை. உண்மையிலேயே உடைந்துபோன மனிதனாகத்தான் பேசுகிறார். போரில் தோற்றவன், வேலை இல்லாதவன், தம்பி தயவில் இருப்பவன். அவனிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து அவளைப் பற்றிய தூய நினைவு. அது போய்விட்டது என்ற வலியில்தான் அவளைக் குத்துகிறான். வலி உண்மை, குத்துவது அநியாயம். இரண்டையும் ஒரே நேரத்தில் உணர வைப்பது சாதாரணக் காதல் படத்தால் ஆகிற காரியம் அன்று. நாயகனோடு சேர்ந்து நாமும் மிச்சிகோவைக் குறை சொல்லத் தொடங்கினால் சற்று நிறுத்தி, அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கணவன் இல்லை, காதலன் எங்கிருக்கிறான், உயிரோடிருக்கிறானா என்று தெரியாது, ஊர் எரிந்து கிடக்கிறது.

ஆறாவது வேலை: தம்பியையும் நண்பனையும் கவனித்து இரண்டாம் முறை

முதல் முறை காதலர்களைப் பார்த்தீர்கள். இரண்டாம் முறை ஹிரோஷியையும் யமாஜியையும் பாருங்கள். ஹிரோஷி பழைய புத்தகம், வெளிநாட்டுப் பத்திரிகை என்று வாங்கி விற்றுப் பிழைக்கும் துறுதுறுப்பான பையன். போர் அவனையும்தான் பாதித்தது, ஆனாலும் அவன் முன்னே பார்க்கிறான். மிச்சிகோவைத் தேடிப்போய் அண்ணனோடு சேர்த்துவைக்க முயல்பவன் அவன்தான். அவளோடு பேசும்போது அவன் குரலில் தீர்ப்பு கிடையாது. யமாஜியோ உலகம் தெரிந்தவன். தினமும் அந்தப் பெண்களின் கதையைக் கேட்பவன். போருக்கு நாம் எல்லோரும்தானே பொறுப்பு, யார் மீது யார் கல்லெறிவது என்ற தொனியில் ரெய்கிச்சியை அவன் மடக்கும் இடம் படத்தின் நடு எலும்பு. 1953இல், தோல்வியின் பழியைப் பெண்கள் தலையில் இறக்கிவைக்கச் சமூகம் தயாராக இருந்தபோது, ஓர் ஆணின் வாயால் இன்னொரு ஆணுக்கு அதைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

திரைக்கதை எழுதிய கினோஷிதாவின் கையையும் இங்கே காணலாம். 1944இல் அவர் இயக்கிய 'ரிகுகுன்' இராணுவத்துக்காக எடுத்த பிரச்சாரப் படம். அதன் கடைசியில், போருக்குப் போகும் மகனை அணிவகுப்புக் கூட்டத்தில் தேடி ஒரு தாய் ஓடுவாள். வசனமில்லாத அந்தக் காட்சி பிரச்சாரத்தையே கவிழ்த்துவிட்டது, அதிகாரிகள் கொதித்தார்கள். அந்தத் தாயாக நடித்தவர் தனகா. இந்த இருவரும் ஒன்பது ஆண்டு கழித்துச் சேர்ந்து செய்த வேலை 'கோய்புமி' என்று தெரிந்தால், ரெய்கிச்சி கூட்டத்தில் முகம் தேடும் காட்சிகள் கூடுதலாகப் பேசும்.

தெருக்களையும் விடாதீர்கள். கணிசமான பகுதி வெளிப்புறத்தில் எடுக்கப்பட்டது. கடைப் பலகைகளில் ஆங்கில எழுத்துகள், பெண்களின் உடையில் கிமோனோவும் பாவாடையும் கலந்து நடமாடுவது, ரயிலின் நெரிசல் என்று 1953இன் டோக்கியோ அப்படியே கிடக்கிறது. மிச்சிகோவை முன்பு தெரிந்த பெண்கள் எதிர்ப்பட்டு உரிமையோடு பேச்சுக் கொடுக்கும்போது அவள் கூசிப்போகும் இடத்தைக் குறிப்பாகப் பாருங்கள். அந்தப் பெண்களையும் படம் கேலி செய்யவில்லை. உரக்கச் சிரிக்கிறார்கள், சாயம் பூசியிருக்கிறார்கள், அவர்களும் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறைகள் உண்டு. தற்செயல் சந்திப்புகள் கொஞ்சம் அதிகம். பின்னணி இசை சில இடங்களில் ஏற்கெனவே கனமான காட்சியின் மேல் இன்னும் பாரத்தை ஏற்றுகிறது. கடைசிப் பகுதியில் கதை திடீரென்று மெலோடிராமா, அதாவது மிகையுணர்ச்சி நாடகம், பக்கம் சாய்கிறது. சிலருக்கு அது பிடிக்காது. மிச்சிகோ இன்னும் கொஞ்சம் எதிர்த்துப் பேசியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றுவதுண்டு. முதல் படத்தில் இவ்வளவு தூரம் போன தனகா, இரண்டு ஆண்டில் அந்தக் குறையையும் தாண்டிவிட்டார்.

ஏழாவது வேலை: அடுத்து எதைப் பார்ப்பது

முதலில் தனகாவே 1955இல் இயக்கிய 'சிபுசா யோ எய்யென் நாரே'. மார்பகப் புற்றுநோயால் இறந்த ஃபுமிகோ நகாஜோ என்ற கவிஞரின் வாழ்க்கையை ஒட்டியது. நோயாளிப் பெண்ணுக்கும் ஆசை உண்டு, கோபம் உண்டு என்று அந்தக் காலத்தில் யாரும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டவில்லை. என் கணக்கில் அவருடைய சிறந்த படம் அதுதான். பிறகு 1961இல் வந்த 'ஒன்னா பகாரி நோ யோரு': விபசாரத் தடைச் சட்டத்துக்குப் பின் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கப்பட்ட பெண்களின் கதை. 'கோய்புமி'யில் ஓரத்தில் நின்ற பெண்கள் இதில் நடுவுக்கு வருகிறார்கள்.

மோரியின் முகம் பிடித்துப்போனால் நருசேயின் 'உகிகுமோ' (1955). அதுவும் போருக்குப் பிந்தைய காதல்தான். இங்கே அவர் தூய்மை பேசும் ஆள், அங்கே அதற்கு நேர் எதிரான ஒருவன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த நடிகரின் வீச்சு விளங்கும். குகாவைத் தேடுபவர்கள் தடாஷி இமாயின் 'மதா ஆவு ஹி மதே' (1950) படத்தைப் பாருங்கள். போர்க்காலக் காதலர்கள் இருவர், நடுவில் ஒரு சன்னல் கண்ணாடி, அதன் இருபுறமும் உதடு பதிக்கிறார்கள். ஜப்பானில் அந்த முத்தத்தை இன்றும் பேசுகிறார்கள். 'கோய்புமி' பார்த்த அதே வாரத்தில் இதையும் பார்த்துவிடுங்கள். மூன்று வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில், போர் நடக்கும்போது காதலித்த பெண்ணாகவும் போர் முடிந்தபின் தனித்து நின்ற பெண்ணாகவும் அவரைப் பார்க்கக் கிடைக்கும்.